வடக்கே போ தாயே

எங்கள் ஊரில் யாரிடமாவது வயதைக் கேட்டால் பிறந்த வருடத்தைச் சொல்ல மாட்டார்கள், புயலைச் சொல்வார்கள். "அம்பத்திரெண்டு புயலுக்கு நான் வயித்துல" என்பார் ஒருவர். "தனுஷ்கோடி போனப்போ எனக்குப் பால்பல்லு விழுந்திருந்துச்சு" என்பார் இன்னொருவர். நான் அந்த இரண்டாவது கட்சி. கடலூரில் பிறந்து, கடலைப் பார்த்தே வளர்ந்தவள், கல்யாணமாகி வந்து சேர்ந்ததோ புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு. மலையும் கல்லும் ராணுவக் கிடங்குமாக இருக்கும் ஊர். என் வீட்டுக்காரர் அந்தக் கிடங்கில் குமாஸ்தா. உப்புக் காற்றில் வளர்ந்த பெண்ணைக் கொண்டுவந்து மலையில் தள்ளிவிட்டார்களே என்று முதல் இரண்டு வருடம் அழுது தீர்த்தேன்.

அந்த அழுகையை நிறுத்தியவள் எதிர்வீட்டுக்காரி. குவார்ட்டர்ஸில் ஒரே மாடிப்படி, கதவுக்கு எதிர்க் கதவு. ஆந்திராக்காரி, கிருஷ்ணா நதி கடலில் கலக்கிற பக்கத்து ஊர். அவள் வீட்டுக்காரருக்கும் அதே கிடங்கில்தான் வேலை. நான் அவளை வதினா என்பேன், அவளும் என்னை வதினா என்பாள். தெலுங்கில் அண்ணி என்று அர்த்தம். யார் யாருக்கு அண்ணி என்ற ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. நாங்கள் பேசிய பாஷைக்கும் பெயர் கிடையாது. "கேஸ்வாலா வந்தானா வதினா? மா சிலிண்டர் அயிபோயிந்தி, க்யா கரூம் சொல்லு" என்று ஒரே மூச்சில் மூன்று மாநிலத்தைத் தாண்டுவாள். சிலிண்டர் தீர்ந்துபோச்சு, என்ன செய்யறது என்று எனக்கு அது அப்படியே புரியும். என் வீட்டுக்காரருக்குத்தான் தலை சுற்றும்.

மத்தியானங்களில் மேத்திக் கீரையை ஆய்ந்துகொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தால் எங்கள் பேச்சு புயலில்தான் போய் நிற்கும். மற்றப் பெண்கள் நகையைப் பற்றிப் பேசுவார்கள், நாங்கள் யார் ஊர்ப் புயல் பெரியது என்று சண்டை போடுவோம். எழுபத்தேழாம் வருடம் நவம்பரில் நாகப்பட்டினத்தில் ஒரு புயல் கரையேறியது. என் அத்தை வீட்டுக் கூரை அதில் போயிற்று. அடுத்த வாரமே இன்னொரு புயல் அவள் ஊர்ப்பக்கம், கிருஷ்ணா முகத்துவாரத்துத் திவிசீமாவில் ஏறியது. அது வெறும் காற்றோடு நிற்கவில்லை, கடலே எழுந்து ஊருக்குள் வந்தது. வதினாவின் சின்னம்மா குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. நான் என் அத்தை வீட்டுக் கூரையைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது அவள் இதைச் சொன்னாள். கீரையைக் கீழே வைக்காமலே சொன்னாள். அன்றைக்கு நான் வாயை மூடியதோடு சரி, அப்புறம் போட்டி போடுவதை விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஒரே பெண். எனக்கு இரண்டும் பையன்கள், வீட்டில் பாதி நேரம் மல்யுத்தம். அதனால் அந்தப் பெண் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். ரசம் வாசனை வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். என்னை அத்தை என்பாள். அவள் பேசிய தமிழ் என் பையன்கள் பேசியதைவிட நன்றாக இருந்தது, என் கடலூர் இழுவையோடு. இருபது வயதில் அவளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை கோதாவரி கடலில் சேரும் பக்கம், தென்னந்தோப்பு, புதிதாக வெட்டிய இறால் குட்டை. அவ்வளவு தூரத்தில் கொடுக்க வதினாவுக்கு மனசில்லை. "கடலோரத்து மாப்பிள்ளை வதினா, கொடுத்து வச்சவ! இந்தக் கல்லாங்காட்டுல யாருக்குக் கொடுக்கப் போறே?" என்று தூபம் போட்டவள் நான். வைகாசியில் கல்யாணம் நடந்தது. நான்தான் ஜடை பின்னினேன்.

அது தொண்ணூற்றாறு. நவம்பர் பிறந்ததும் வங்கக் கடலில் தாழ்வு என்று செய்தி வந்தது. கடலூர்க்காரிக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தாலே கண் கூரைக்குத்தான் போகும். எங்கள் வீடு கடற்கரைக்குப் போகிற சாலையில் ஓட்டு வீடு. அம்மாவும் தம்பியும் அதில் இருந்தார்கள். அம்மா அந்த ஆவணியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. புயல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புயல் வருகிறது என்றால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, இரண்டு பழம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். வெற்றிலையில் கற்பூரத்தைக் கொளுத்தி அலையில் விடுவார்கள். வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குத் தாம்பூலம் கொடுத்து அனுப்புகிற மாதிரிதான். "வந்தவளே, எங்க வாசல்ல நிக்காத. வடக்கே போ தாயே" என்று வடக்கைப் பார்த்துக் கையை வீசுவார்கள். இதற்கு வழியனுப்பு என்று பேர். ஏன் வடக்கே? தெற்கே நாகப்பட்டினம், அங்கே அத்தை இருக்கிறாள். மேற்கே நாங்களே இருக்கிறோம். வந்த வழியே கிழக்கில் திரும்பிப் போன புயலை யாரும் பார்த்ததில்லை. வடக்கே எங்களுக்கு யாரும் கிடையாது. அதனால் வடக்கே.

எங்கள் கட்டடத்தில் அப்போது போன் இருந்தது கீழ்வீட்டு மராத்திக்காரர் வீட்டில் மட்டும். அவர் மராத்தியில் அண்ணி முறை வைத்து "மதராஸி வஹினி, ஃபோன்!" என்று கூப்பிட்டதும் இறங்கி ஓடினேன். அம்மா பேசினாள். தம்பி எங்கிருந்தோ நீளமாக ஒயரை இழுத்துக் கட்டிலுக்கே போனைக் கொடுத்திருந்தான்.

"ஏண்டி, இந்த வருஷம் என்னால கரைக்குப் போவ முடியல. உன் தம்பி பொண்டாட்டிக்குத் தீட்டு. நீ செஞ்சுடு."

"மலைமேல உக்காந்துக்கிட்டு கடலுக்கு எங்கம்மா போவேன்?"

"ஒரு பக்கெட்டுத் தண்ணியில ரெண்டு கை கல்லுப்பைப் போடு. கடல்ல என்ன, வெல்லமா கரைஞ்சுருக்கு? உப்புதான்."

நான் பி.யூ.சி. வரை படித்தவள். புயல் பக்கெட்டைப் பார்த்துத் திரும்பாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கிற அம்மா சொல்லும்போது அறிவியல் பேசவா முடியும்? மொட்டை மாடிக்குப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். உப்பைக் கரைத்தேன். வடக்கு எது என்று தெரியவில்லை. துணி காயப்போட வந்த என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஆனாலும் சரியாக, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தெரிகிற மலையைக் காட்டினார். கற்பூரம் வெற்றிலையில் எரிந்து தண்ணீரில் சுற்றியது. "வடக்கே போ தாயே" என்று கையை வீசினேன். மனசாரச் சொன்னேன். அம்மாவின் கட்டிலும் அந்த ஓட்டுக் கூரையும்தான் என் கண்ணில் நின்றன.

வடக்கே என்றால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம்கூட, ஒரே ஒரு நிமிஷம்கூட, எனக்குத் தோன்றவில்லை. என் மனசில் அந்தப் பெண் இன்னும் எதிர்வீட்டில்தான் இருந்தாள், தட்டை எடுத்துக்கொண்டு வருகிற பெண்ணாக. அவளைக் கோதாவரிக் கரையில் கட்டிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியும் என் புத்தி அவளை அங்கே அனுப்பவில்லை. வடக்கே யாருமில்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்ட வாய்ப்பாடு வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

இரண்டு நாளில் தம்பி போன் செய்தான். "அக்கா, தமிழ்நாட்டுக்கு ஆபத்து இல்லையாம். ஆந்திராப் பக்கம் நவுந்துடுச்சாம்." அப்பாடா என்று கீழ்வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மேலே வந்து குளித்து, சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். புயல் போனால் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுப்பதும் எங்கள் பழக்கம். முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டி, முதல் கிண்ணத்தை எங்கே கொண்டுபோனேன்? எதிர்வீட்டுக்குத்தான். எந்த நல்ல காரியத்துக்கும் முதல் கிண்ணம் அங்கேதானே போகும்!

வதினா அப்போது வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டி, "பாக உந்தி. க்யா விசேஷம்?" என்றாள்.

"எங்க ஊருக்குப் புயல் வரலை வதினா! திரும்பிப் போயிடுச்சு!"

அவளும் சிரித்தாள். என் அம்மா படுத்திருப்பது அவளுக்குத் தெரியும். என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்புறம்தான், இரண்டாவது வாயைக் கையில் எடுத்த பிறகு கேட்டாள்.

"மரி எக்கடிக்கி போயிந்தி?"

அப்போ எங்கே போச்சு என்று கேட்டாள். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அவளும் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். கையிலிருந்த பொங்கலைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தாள். எழுந்து செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி. பூத். பெண் இருந்த கிராமத்தில் ஒரு மளிகைக் கடையில்தான் போன் உண்டு. லைன் கிடைத்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே பேசியது வெளியே நின்ற எனக்கே கேட்டது. லேசாகத் தூறல், அவ்வளவுதான், எதற்கம்மா பயப்படுகிறீர்கள், உங்கள் பெண்ணை இப்போதுதான் பார்த்தேன் என்றார். வதினா வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏமி லேதுண்ட்டா" என்றாள். ஒன்றுமில்லையாம். நாங்கள் வரும் வழியில் மல்லிகூட வாங்கினோம்.

அன்று சாயங்காலம்தான் அது கரையேறியது.

மறுநாள் முதல் அந்தக் கடைக்கு லைன் போகவில்லை. டி.வி.யில் தென்னந்தோப்புகளைக் காட்டினார்கள். எல்லா மரமும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துக் கிடந்தது. வதினாவின் வீட்டுக்காரர் கிடைத்த ரயிலில் புறப்பட்டுப் போனார். அங்கே பாதி வழிக்கு மேல் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இங்கே அந்த வாரம் தீபாவளி. குவார்ட்டர்ஸ் முழுக்க ஆகாஷ் கந்தில், அந்த ஊர்த் தீபாவளிக் காகிதக் கூண்டு விளக்கு, தொங்கியது. என் பையன்களிடம் பட்டாசைத் தொடக் கூடாது என்று கத்தினேன். சத்தம் கேட்டு வதினா கதவைத் திறந்து, "பிள்ளைங்க, வெடிக்கட்டும் வதினா" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒரு வார்த்தை திட்டவில்லை. காபி போட்டுக் கொடு என்று கேட்டாள். கொடுத்தால் குடித்தாள். அவள் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல்.

சாமியிடம் என்ன கேட்பது? போன வாரம் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறதே! இப்போது வேறு கேட்க எந்த முகத்தோடு போவேன்? ஆனாலும் கேட்டேன். அந்தப் பெண்ணைக் கொடு, என் உசிரை எடுத்துக்கொள் என்று கேட்டேன். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் கீழ்வீட்டுக்குப் போன் வந்தது. வதினா ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள், நான் அவள் தோளைப் பிடித்திருந்தேன். அவள் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "பிட்ட உந்தி. அல்லுடு லேடு."

பெண் இருக்கிறாள். மாப்பிள்ளை இல்லை.

எனக்குள் முதலில் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். அம்மாடி, பெண் பிழைத்துவிட்டாள் என்று ஓடியது. சந்தோஷம்தான் அது. அடுத்த மூச்சில்தான் அந்தப் பையன் ஞாபகம் வந்தான், கல்யாணத்தில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டவன். என்னைப் போன்ற ஒரு ஜென்மம் உண்டா என்று என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். வதினா என் கையைப் பிடித்துத் தடுத்தாள். வேண்டாம் என்று சொன்னாளா, சும்மா பிடித்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வேண்டும். நான் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்து, "உன் பக்கெட்டு சொல்லி புயல் கேக்குதுன்னா, இந்த முனிசிபாலிட்டித் தண்ணி லாரியைக் கொஞ்சம் நேரத்துக்கு வரச் சொல்லேன்" என்றார். பாத்திரத்தை எடுத்து எறிந்தேன். இவருக்குப் புரியவே இல்லை. புயலைத் திருப்பியது நான் இல்லை என்று எனக்கும் தெரியும். அது போகிற வழியில் போயிற்று. ஆனால் அது திரும்பியதற்குப் பொங்கல் வைத்தது நான்தானே? முந்திரி போட்டு, நெய் விட்டு, அந்தப் பெண்ணைப் பெற்றவள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தது நான்தானே? அதை எந்தக் காற்றின் மேல் போடுவது?

தை மாதம் அந்தப் பெண் திரும்பி வந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லாமல், ஒரு பையோடு. சித்திரை வெயிலில்கூட மின்விசிறியைப் போட மாட்டாள். அந்தச் சத்தம் ஆகாது. ஆனால் ஒரு நாள் மத்தியானம், முன்பு போலவே தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அத்தை, ரசம் இருக்கா?" என்றாள். கரண்டியை எடுத்து ஊற்றினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, இடித்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வதினா சொல்லவில்லை.

எங்களுக்குள்ளும் அந்தப் பேச்சு வரவேயில்லை. கீரை ஆய்ந்தோம், ஊறுகாய் போட்டோம், பக்கத்துக் கட்டடத்துப் பெண்களைப் பற்றி வம்பு பேசினோம். புயலை மட்டும் பேசவில்லை. டி.வி.யில் அந்தச் சுழல் தெரிந்தால் வதினாவுக்குக் குக்கர் ஞாபகம் வந்துவிடும், எழுந்து உள்ளே போவாள். என்னை நீ என்ன நினைக்கிறாய் வதினா, மன்னித்துவிட்டாயா, இல்லையா? இந்த ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

மறு வருடம் அம்மா போனில் மறுபடி ஆரம்பித்தாள். கடலில் ஏதோ தாழ்வாம், வழியனுப்பிவிடு என்றாள்.

"வடக்கே ஆள் இருக்கும்மா" என்று கத்தினேன்.

"அப்ப எங்கதாண்டி போவச் சொல்றது?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் கேட்கவும் இல்லை, இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தும் விட்டாள்.

இரண்டாயிரத்தில் ஒரு புயல் நேராகக் கடலூரிலேயே ஏறியது. எங்கள் வீட்டு ஓடு மொத்தமும் பறந்தது, முன்பக்கச் சுவர் விழுந்தது. தம்பி குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் இருந்தான். அந்தச் செய்தியைக் கேட்டதும் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எதிர்வீட்டுக்கு ஓடினேன், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. "எங்க வீடு போச்சு வதினா! எங்களுக்கும் போச்சு!" என்றேன். வதினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மனுஷங்க பாகுன்னாரா?" என்று கேட்டாள். எல்லோரும் நலம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஓட்டைக் கொண்டுபோய் எதற்கு ஈடாக நீட்டினேன் பாருங்கள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் படித்தாள். பிடிவாதமாகப் படித்தாள். புனேக்கு அந்தப் பக்கம் ஹடப்சரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, மகர்பட்டாவில் ஒன்பதாம் மாடியில் வீடு எடுத்து, ஓய்வு பெற்ற அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மறுகல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். எதிர்வீடு காலியானதும் எனக்கு ஊரே காலியானது போல் இருந்தது. மாதம் ஒரு தடவை ஷேர் ஆட்டோ, லோக்கல் ரயில், பஸ் என்று மாறி மாறி நான் அங்கே போவேன். ரசப்பொடி கொண்டுபோவேன். வீட்டுக்காரர் "பொண்ணைக் கட்டிக் கொடுத்தவ மாதிரி ஓடறியே" என்பார். ஆமாம், அப்படித்தான்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். வதினாவின் வீட்டுக்காரர் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தார். டி.வி.யில் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி அந்தச் சுழல். வதினா வழக்கம் போல எழப் பார்த்தாள். குக்கர் மேஜை மேலேயே இருந்தது, எழுவதற்குச் சாக்கு இல்லை. பெண் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, சாதத்தைப் பிசைந்துகொண்டே பேச ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடமாக அந்த நாளைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்குக் காலைல எங்க ஊர்ல டீக்கடைல யாரோ சொல்லிட்டாங்க, துஃபான் மெட்ராஸ் பக்கம் போகுதுன்னு. எங்க மாமியாருக்கு ஒரே குஷி. சாமிக்குத் தேங்கா உடைச்சாங்க. நானும் பக்கத்துல நின்னு கும்பிட்டேன். அப்பாடா, அங்கேயே போகட்டும்னு கும்பிட்டேன். அவரு அந்தத் தேங்காயைத் தின்னுக்கிட்டேதான் இறால் குட்டைக்குப் போனாரு."

நான் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"மெட்ராஸ் பக்கம்னா உங்க ஊரும்தானே அத்தை? உங்கம்மா அப்போ படுத்திருந்தாங்க. எனக்குத் தெரியும், நீங்க லெட்டர்ல எழுதியிருந்தீங்க. ஆனா எனக்கு ஞாபகமே வரலை. உங்க வீட்டு ரசத்தைக் குடிச்சு வளர்ந்துட்டு, உங்கம்மா மேல போகட்டும்னு கும்பிட்டிருக்கேன். அதுக்குத்தான் எனக்கு இப்படி ஆச்சுன்னு நினைச்சுக்குவேன். உங்க மூஞ்சியைப் பாக்கறப்பல்லாம் நினைச்சுக்குவேன்."

அவள் அழவில்லை. ரொம்ப நாளாகச் சொல்லிப் பழகியதைச் சொல்வது போலச் சொன்னாள். பாவிப் பெண்ணே, இத்தனை வருடம் நீ என்னைப் பார்த்தா குறுகிக்கொண்டிருந்தாய்! சொல்லிவிட வேண்டும். என் பக்கெட்டை, என் பொங்கலை, எல்லாவற்றையும் இப்போதே, இந்தத் தட்டின் முன்னாலேயே கொட்டிவிட வேண்டும். "அடியே, நானும்..." என்று ஆரம்பித்தேன்.

மேஜைக்கு அடியில் வதினா என் காலை மிதித்தாள். நறுக்கென்று, குதிகாலால், முழு பலத்தோடு.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் என்ன அத்தை?" என்றாள் பெண்.

"நானும் எங்கம்மாவும் அதுக்கெல்லாம் ஒண்ணும் நினைச்சுக்கற ஆளுங்க இல்லடி" என்றேன். "பைத்தியமே, தேங்காய்ச் சத்தம் கேட்டா புயல் வழி மாத்திக்கும்? உன்னால ஒண்ணும் ஆகலை. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன், உன்னால ஒண்ணும் ஆகலை." அதைச் சொல்லும்போது என் குரல் உறுதியாக இருந்தது. அவள் விஷயத்தில் அதை முழுசாக நம்பினேன்.

"நிஜமாவா அத்தை?"

"நிஜமா."

அவள் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள். அப்புறம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டு, நடுவில் குழி பறித்து, ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது வதினா லிஃப்ட் வரை வந்தாள். முழங்கால் வலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். லிஃப்ட் வர நேரமாயிற்று. என் கால் இன்னும் வலித்தது.

"ஏன் வதினா தடுத்தே?" என்றேன். "நானும் அதைத்தான் செஞ்சேன்னு தெரிஞ்சா அவளுக்கும் ஆறுதலா இருந்திருக்கும்."

"அவ ஜடையை நீதானே பின்னினே" என்றாள் வதினா. "சின்னதுலேருந்து உன் வீட்டுலதான் தின்னா. அவளுக்குன்னு மிச்சம் இருக்கறது ஒரு அத்தை."

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. வதினா என் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுவிட்டாள், எப்போதும் செய்வது போல. அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"புருஷன் போயிட்டான்" என்றாள். "அத்தையையும் அவகிட்டேருந்து எடுத்துடாதே."

நான் உள்ளே போய் நின்றேன். கதவு மூடிக்கொண்டது.